ஸைர (வலிச்சொல்)

மூல ஜெர்மானிய மொழியில் வலியையும் புண்ணையும் குறித்த சொல்லின் அடிவடிவம் ஸைர. எழுத்தில் கிடைத்ததல்ல; கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. இன்றைய ஜெர்மனில் இதன் நேர் வாரிசான 'ஸேர்' வலியைச் சொல்வதே இல்லை. அதற்கு 'மிக' என்று பொருள்.

4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா உருவாக்கிய கோதிக் விவிலியத்தில் 'ஸைர்' வலிதான். அதன் ஐகாரம் மொழிக்கு மொழி திரிந்தது: பழைய ஆங்கிலத்தில் ஸார், பழைய உயர் ஜெர்மனில் ஸேர். ஆங்கில ஆகாரம் பின்னர் ஓகாரமாகி 'ஸோர்' வந்தது. ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளில் இச்சொல் காயத்தைக் குறிக்கிறது. பழைய ஐகாரத்தைக் கட்டிக்காத்ததோ உறவே இல்லாத ஃபின்னிய மொழி. மிகப் பழங்காலத்தில் கடன் வாங்கிய 'ஸைராஸ்' அங்கே நோயுற்றவரைக் குறிக்கும், மருத்துவமனை 'ஸைராலா'.

பொருள் திரிந்தது வினையடை வழியாக. வலிக்கும்படி என்பது கடுமையாக என்றாகி, கடைசியில் வெறும் 'மிக' ஆயிற்று. 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று பேசுகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், தேவதூதனைக் கண்ட மேய்ப்பர்களின் அச்சத்தை மிகுத்துச் சொல்ல 'ஸோர்' வருகிறது. அதே இடத்தில் லூத்தரின் ஜெர்மன் பெயர்ப்பில் 'ஸேர்'. ஆங்கிலத்தில் அந்த வழக்கு பின்னர் தேய்ந்தது. ஜெர்மனில் அதுவே நிலைத்தது. டச்சுக்காரர்கள் இரண்டையும் விடவில்லை: அவர்களின் 'ஸேர்' வலியும் ஆகும், 'மிக'வும் ஆகும்.

வலிக்கு ஜெர்மனில் 'ஷ்மெர்ட்ஸ்' நிலைபெற்றது. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த 'பெயின்', தண்டனையைக் குறித்த லத்தீன் 'போயனா'விலிருந்து பிறந்தது. அது பரவியபின் 'ஸோர்' தொண்டைப்புண், தசைவலி என்று சுருங்கியது. வருத்தம் தெரிவிக்கும் 'ஸாரி'யும் 'ஸார்' வழி வந்ததே; துயரத்தைக் குறிக்கும் 'ஸாரோ' வேறு வேர், ஒலி ஒப்புமை மட்டுமே.

ஜெர்மனிலும் பழைய பொருள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காயமின்றித் தப்பியவர் 'உன்ஃபெர்ஸேர்ட்'; போர்க்காயத்தால் ஊனமுற்றவர் 'கிரீக்ஸ்ஃபெர்ஸேர்ட்டர்'.