உறுதலும் தொடுதலும்: தீவக வழக்கை முன்வைத்து ஒரு சொல்வரலாற்று நோக்கு

ஒரு சொல்லின் பொருள் விரிவதும் சுருங்குவதும் அதனை வழங்கும் சமுதாயத்தின் வாழ்க்கைமுறையோடு தொடர்புடையன. ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘ஃபீல்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். கையால் தடவிப் பார்த்தல், குளிரை அறிதல், துயருறுதல், ஒரு கருத்தைக் கொண்டிருத்தல் ஆகிய அனைத்தையும் அச்சொல் சுட்டுகின்றது. பழைய ஆங்கிலத்தில் அது தொட்டறிதலையே முதன்மையாகக் குறித்தது. உள்ளங்கையைக் குறிக்கும் ‘பால்மா’ என்னும் இலத்தீன் சொல்லை அதன் இனச்சொல்லாக மொழிநூலார் கொள்வர். கையின் தொழில் காலப்போக்கில் மனத்தின் தொழிலாயிற்று. தமிழில் இதனையொத்த வளர்ச்சி எவ்வாறு அமைந்தது என்பதனை, எழுவைதீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தின் வழக்கையும் துணைக்கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இவ்விடத்தைப் பெறத்தக்க பழஞ்சொல் ‘உறு’ என்பதாகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் பகுக்குமிடத்து, உடம்பினால் உற்றறிதலையே முதல் அறிவாகக் கொள்கின்றது. புல்லும் மரமும் அவ்வறிவுடையன என்கின்றது. தொடுபுலனைக் குறிக்கும் ‘ஊறு’ இதன்வழிப் பிறந்ததே. அதே ‘ஊறு’ துன்பத்தையும் குறித்தது. உறவு, உற்றார் என்பனவும் இவ்வடியினவே. எனவே தமிழர் நோக்கில் தொடுதல் தனிமனிதனின் மன உணர்வாக மட்டுமன்றி, ஒருவரை ஒருவர் சார்ந்துநிற்கும் உறவாகவும் வளர்ந்தது எனலாம்.

‘தொடு’ என்னும் சொல்லோ வேறு வழியிற் சென்றது. பழைய இலக்கியங்களில் அது தோண்டுதலையும் குறித்தது. 396ஆம் குறளில் மணற்கேணியைப் பற்றி வருவது இப்பொருளிலேயே ஆகும். ஊர்காவற்றுறையிலிருந்து கடல்வழியே சென்றடையும் எழுவைதீவு போன்ற சிறுதீவுகளில் நன்னீர் என்பது நிலத்தைத் தொட்டுப் பெறவேண்டிய ஒன்று. ஆறில்லாத சுண்ணக்கல் நிலத்தில் கிணறே குடிவாழ்வுக்கு ஆதாரமாகும்.

யாழ்ப்பாணத்துக்கும் தீவகத்துக்கும் பொதுவான ‘துடக்கு’ என்னும் வழக்கு ஈண்டுக் கருதத்தக்கது. பிறப்பு, இறப்பு முதலியவற்றால் ஒரு குடும்பத்தார் காக்கும் தீட்டினை இது குறிக்கும். ‘தொடக்கு’ என்பதன் திரிபாகிய இச்சொல்லின் அடிப்பொருள் பிணைப்பு என்பதாகும். துடக்குக் காப்போர் உற்றாரே; அயலாருக்கு அது இல்லை. மேலும் அது நாட்கணக்கிற்கு உட்பட்டது; குறித்த நாளிற் கழிந்துவிடும். ஆகவே விலகியிருத்தலைக் கூறும் இச்சொல்லே உறவின் எல்லையையும் காட்டி நிற்கின்றது.

‘தீண்டாமை’ இதனின் முற்றிலும் வேறானது. அது நாள் கழிந்து நீங்குவதன்று. பிறப்பினால் ஒரு சாரார்மீது நிலையாகச் சுமத்தப்பட்டது. குடாநாட்டில் கோயில், தேநீர்க்கடை, கிணறு ஆகிய இடங்களில் அது நடைமுறையில் இருந்தது. குடிப்பதற்கெனத் தொட்ட கிணற்றை ஒரு சாரார் தொடலாகாது என்ற நிலை, சொல்லின் இரு பொருள்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. சாதி காரணமான சமூகத் தடைகளை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கிற்று. எனினும் சட்டம் மட்டும் போதவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன.

இன்று பேச்சுத்தமிழில் ‘ஃபீல் பண்ணுதல்’ என்பது பெரும்பாலும் வருந்துதல் என்ற ஒரே பொருளில் வழங்குகின்றது. கடன்பெற்ற சொல் தன் விரிவை இழந்தது. நம் சொற்களும் பின்தள்ளப்பட்டன. 1842இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதியும், 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் அகராதியும் தமிழ்ச் சொற்களைப் பெருமளவில் தொகுத்துத் தந்தன. ஆயினும் சிறுதீவுகளின் வாய்வழக்கு முழுமையாகத் தொகுக்கப்படல் வேண்டும். 1990களின் போரினால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்து சிதறிய நிலையில், இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. அவ்வாறு தொகுக்குமிடத்து உறவைச் சுட்டும் சொற்களோடு, உறவை மறுத்த சொற்களையும் மறையாது பதிதல் ஆய்வாளர் கடனாகும்.