'அவனா நீ?': தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையில் தன்பாலீர்ப்பாளரும் பெயரிடாமையின் வரலாறும்

'அவனா நீ?' என்னும் இரு சொல் வினா திரைப்பட நகைச்சுவைக் காட்சியிலிருந்து புறப்பட்டு, தொலைக்காட்சி வழியாகப் பரவி, இன்று தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைபெற்றுவிட்டது. ஓர் ஆண் மற்றோர் ஆணின்பால் ஈர்ப்புக் கொண்டவனோ என ஐயுறும் இடத்தில் இது சொல்லப்படுகிறது. உடனே சிரிப்பொலி எழுகிறது. இத்தொடரில் வசைச்சொல் ஏதுமில்லை. ஒரு சுட்டுப்பெயர், ஒரு முன்னிலைப் பெயர், இடையில் ஒரு வினா எழுத்து, அவ்வளவே. 'இதில் புண்படுத்துவதற்கு என்ன இருக்கிறது?' என்று வினவுவோர் தம் பக்கத்துக்குக் காட்டும் சான்றும் இதுதான். இத்தகைய கேலியின் வன்மை அது பயன்படுத்தும் சொல்லில் இல்லை, அது சொல்ல மறுக்கும் சொல்லில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கேலிமொழியை ஒழுங்குசெய்ய முனைந்த சட்டங்களும் சொற்பட்டியல்களும் எட்டாத இடமும் அதுவே.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

பால் திரிந்தோரைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் அவர்களை உயர்திணையுள் வைத்து, அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், ஆண்பாலுக்கோ பெண்பாலுக்கோ உரிய முடிபையே அச்சொற்கள் கொள்ளும் என்றும் வரையறுக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் 'பேடு' ஒன்று. வாணனின் நகரில் காமன் ஆடியதாகச் சொல்லப்படும் கூத்து அது. மணிமேகலையும் பேடிக்கோலத்தில் ஆடுவோரையும் அதனைக் கண்டு நிற்போரையும் காட்டுகிறது. இவற்றில் வியப்பும் நகையும் கலந்திருக்கலாம். ஆயினும் அங்கே ஒரு பெயர் இருந்தது. அப்பெயருக்கு இலக்கணத்தில் ஓர் இடமும் இருந்தது.

பிற்காலத்தில் 'அலி' என்னும் சொல் வசையாயிற்று. 1990களில் 'அரவாணி' என்பது கூத்தாண்டவர் வழிபாட்டை ஒட்டிப் பரவி, பின்னர் 'திருநங்கை'க்கு இடமளித்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. ஏறத்தாழ இதே காலத்தில் ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகிய நூல்கள் வெளிவந்தன. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் ரோஸ் வெங்கடேசன் 'இப்படிக்கு ரோஸ்' என்னும் உரையாடல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். பாலியல் குறித்துத் தமிழ் வீடுகளில் வெளிப்படையாகப் பேசப்படாத பலவற்றை அந்நிகழ்ச்சி பேசியது. அதாவது, திருநங்கையர் தமக்கு இடப்பட்ட பெயரோடு போராடி வேறொரு பெயரை வென்றெடுத்தனர். அப்பெயரைத் தலைப்பிலும் மேடையிலும் தாமே உச்சரித்தனர்.

தன்பாலீர்ப்புக் கொண்ட ஆண்களின் நிலை வேறு. அவர்களைக் குறிக்க நாளிதழ்த் தமிழில் நெடுங்காலம் வழங்கியது 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பதே. குற்றச்செய்தியிலும் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியிலும் வளர்ந்த சொல் அது. மனிதரை ஒரு செயலாகச் சுருக்கி, அச்செயலுக்கு ஓர் 'ஆளர்' விகுதி ஒட்டிய ஆக்கம். இச்சொல்லின் முதற்பாதியை எடுத்துச் சென்னையில் ஒரு குழுவினர் தம் அமைப்புக்கு 'ஓரினம்' என்று பெயரிட்டுக்கொண்டமை கவனிக்கத்தக்கது. சேர்க்கையை நீக்கிவிட்டால் எஞ்சுவது இனம், ஒரே இனம். ஆனால் அது குழுவின் பெயரேயன்றி மக்கள் வழக்கிலுள்ள சொல்லன்று. நகைச்சுவையின் கைக்கு எட்டியவாறு அங்காடித் தெருவிலும் வீட்டுக் கூடத்திலும் வழங்கும் மரியாதையான சொல் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை 'ஒன்பது' என்னும் எண்ணும், 'அவன்' என்னும் சுட்டும், கைமுறிப்பும் நிரப்பின.

இடக்கரடக்கலும் குழூஉக்குறியும்

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். இவற்றுள் இரண்டு இங்கே பொருந்துகின்றன. அவையில் சொல்லத்தகாததை மறைத்து வேறு வாய்பாட்டால் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது பள்ளி மாணவரும் அறிந்த காட்டு. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒன்றன் பெயரை மாற்றி வழங்குவது குழூஉக்குறி.

'அவனா நீ?' என்பதில் 'அவன்' எதனைச் சுட்டுகிறது? முன்னர் எவரும் குறிப்பிடப்படவில்லை. சுட்டப்படும் பொருளைப் பார்வையாளரே தம் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார். நிரப்பிக்கொண்டதற்கான ஒப்புகைதான் அச்சிரிப்பு. இலக்கண நோக்கில் இது இடக்கரடக்கல். கழிவைக் குறிக்கும் சொற்களுக்கு உரிய அடக்கம் இங்கே ஒரு மனிதருக்குப் பொருத்தப்படுகிறது. கேட்கும் தன்பாலீர்ப்பாளர் முதலில் அறிந்துகொள்வது, தான் அவையில் சொல்லத்தகாத ஒன்று என்பதையே. வெளிப்படையான வசையை மறுத்துரைக்கலாம், திருப்பியும் ஏசலாம். சுட்டுப்பெயரை எவ்வாறு மறுப்பது?

'ஒன்பது' என்பதோ குழூஉக்குறியின் தோற்றம் கொண்டது. தன்பாலீர்ப்பாளருக்குத் தமக்கேயுரிய குழூஉக்குறிகள் உண்டு. கோத்தி, பந்தி முதலியன அவர்தம் வட்டங்களில் நெடுங்காலம் வழங்குவன. அவை உள்ளிருந்து எழுந்தவை, ஒருவரையொருவர் அடையாளம் காண உதவுபவை. 'ஒன்பது' வெளியிலிருந்து இடப்பட்டது. குழூஉக்குறி என்றால் குழுவினர்க்கு மட்டும் விளங்க வேண்டும். இங்கோ எல்லோருக்கும் விளங்குகிறது, குறிக்கப்பட்டவர் மட்டும் குழுவுக்கு வெளியே நிற்கிறார். மேலும், திருநங்கையையும் தன்பாலீர்ப்புள்ள ஆணையும் மென்மையாகப் பேசும் எந்த ஆணையும் அது வேறுபாடின்றி ஒரே எண்ணுக்குள் அடைத்துவிடுகிறது.

ஆண் பெண்வேடம் பூணுவதை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. தெருக்கூத்திலும் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகங்களிலும் ஸ்திரீபார்ட் மதிப்புக்குரிய கலைத்திறன். அவ்வையார் வேடத்தின் சிறப்பால்தான் தி. க. சண்முகம் 'அவ்வை' சண்முகம் ஆனார். தொலைக்காட்சி நகைச்சுவை மேடைகளில் புடைவை கட்டிய ஆண் கலைஞர் தோன்றுவது அம்மரபின் தேய்ந்த எச்சம் எனலாம். வேடம் நகைப்புக்குரியதாக அமையலாம். வேடம் கலைந்த பின்னும் அவரை நோக்கி உடன் நடிகர் 'அவனா நீ?' என்று கேட்கும்போது நகைப்பு வேடத்தை விட்டு வேறிடம் செல்கிறது.

இந்நகைச்சுவையின் வாய்பாட்டுக் காட்சி ஒன்றுண்டு. ஏதுமறியாத ஓர் ஆண் மற்றோர் ஆணின் உதவியை ஏற்கிறான், நெருக்கம் மிகுகிறது, உண்மை உறைக்கிறது, அலறி ஓடுகிறான். சிரிப்பு ஓடுபவனின் அச்சத்தைக் குறித்ததே என்று வாதிடுவோர் உளர். அது பாதி உண்மை. அஞ்சி ஓடுபவன் முகம், பெயர், கதை எல்லாம் உடையவன். அஞ்சப்படுபவன் அக்காட்சிக்கு வெளியே வாழ்க்கையே இல்லாதவன். இக்காட்சிகள் அவனைப் பற்றிச் சொல்லும் ஒரே செய்தி, அவன் பிற ஆண்களுக்கு இடர் என்பதுதான்.

திரையரங்கிலிருந்து வீட்டுக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993இல் வந்தது. திரையரங்கில் ஒரு நகைச்சுவைக் காட்சி கதையின் நடுவே வந்து கதையோடு போய்விடும். தனியார் தொலைக்காட்சிகள் அதனைக் கதையினின்று வெட்டியெடுத்துத் துண்டாக்கின. 2000களின் பிற்பகுதியில் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற முழுநேர நகைச்சுவை அலைவரிசைகள் தோன்றியபின் அத்துண்டுகள் நாள் முழுதும் சுழலத் தொடங்கின. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், வாங்க இயலாத குடும்பங்களுக்கும் அப்பெட்டியைக் கொண்டுசேர்த்தது.

இம்மாற்றத்தின் பொருள் பெருநகரில் ஒன்று, மலையூரில் வேறொன்று. நீலகிரி மலை இருப்புப்பாதையில் லவ்டேலுக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே அமைந்த பெர்ன்ஹில்லை எண்ணிப் பார்க்கலாம். மைசூர் அரசரின் கோடைகால அரண்மனையால் பெயர்பெற்ற இடம் அது. அதனைச் சூழ்ந்த உதகை, தமிழ்த் திரைப்படம் ஆண்-பெண் காதற்பாடலுக்குப் பின்னணியாகத் தேர்ந்த நிலம். காதலுக்கென்றே திரையில் பயன்பட்ட மலைச்சரிவுகள் அவ்வூர் வீடுகளின் பெட்டியிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. அங்கே வளரும் தன்பாலீர்ப்புள்ள இளைஞன் ஒருவன் அக்காதலில் தன்னைக் காண்பதில்லை. அடுத்து வரும் நகைச்சுவைத் துண்டில் காண்கிறான். 2009 ஜூனில் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தது. 2012இல் மதுரையில் கோபி சங்கரின் முன்முயற்சியில் பாலினப் பன்மை விழா நடந்தது. நகரில் இருப்பவருக்கு அவ்வாறு மாற்றுச் சொற்கள் கேட்கும் வாய்ப்பு இருந்தது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், தாயும் தந்தையும் தங்கையும் உடனிருக்கும் ஒற்றை அறையில், தன்னைப் பற்றிய தமிழாக வந்து சேர்வது அச்சிரிப்பு மட்டுமே. அப்போது அவனும் உடன் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிடில் ஏன் சிரிக்கவில்லை என்ற வினா எழும். புண்படுத்துகிறதா என்னும் வினாவை வசையின் அளவைக் கொண்டு மட்டும் அளப்பவர்கள் இந்தக் கட்டாயச் சிரிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

எதிர்ப்பதற்கு ஓர் ஆள்

2006இல் வெளிவந்த கௌதம் மேனனின் 'வேட்டையாடு விளையாடு' நகைச்சுவைப் படமன்று. ஆயினும் அதில் காவல் அதிகாரியான நாயகன் கொலைகாரர் இருவரை நோக்கி, அவர்கள் தன்பாலீர்ப்பாளரா என இழிவு தோன்றக் கேட்கிறான். கொலைக்குற்றத்தோடு பாலீர்ப்பும் ஒரு குற்றமாக அடுக்கப்படுகிறது. அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு முழு வலிமையுடன் இருந்தது. 'இது என்னைப் புண்படுத்துகிறது' என்று சொல்பவர், அச்சொல்லாலேயே தன்னைக் குற்றவாளியாக அறிவித்துக்கொள்ள நேரும். ஒப்புநோக்க, 2015 சனவரியில் ஷங்கரின் 'ஐ' வெளிவந்தபோது அதில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரம் கேலிசெய்யப்பட்டதைக் கண்டித்துச் சென்னையில் திருநங்கையர் வெளிப்படையாகப் போராடினர். முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றிருந்தது. 377ஆம் பிரிவோ, 2009இல் தில்லி உயர் நீதிமன்றத்தால் தளர்த்தப்பட்டு, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தால் மீட்கப்பட்டு, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் இசைவுள்ள வயதுவந்தோரைப் பொறுத்தவரை நீங்கியது. எதிர்ப்புக் குரல் இல்லாமை இசைவுக்குச் சான்றாகாது என்பதை இவ்விரு ஆண்டுகளின் வேறுபாடு நன்கு காட்டும்.

அயல்நாட்டு வாதம் ஒன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 2006இல் பிபிசி வானொலியின் கிறிஸ் மொய்ல்ஸ் ஒரு கைப்பேசி அழைப்பொலியைக் 'கே' என்று இகழ்ந்தார். இளையோர் வழக்கில் அச்சொல் 'உருப்படாதது' எனப் பொருள் மாறிவிட்டது என்று பிபிசி ஆளுநர் குழு அவரை விடுவித்தது. அம்முடிவே ஐயத்துக்குரியது. அதனை ஏற்றாலும் தமிழுக்கு அது பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது, அது பொருள் திரிந்தது என்று வாதிடலாம். 'அவன்' திரிவதற்கு அதற்கென முதற்பொருளே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே மனிதரையே சுட்டுகிறது.

சட்டமும் சொற்பட்டியலும்

1994ஆம் ஆண்டுக் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளின் 6ஆம் விதி நிகழ்ச்சி நெறிகளை வகுக்கிறது. இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழிவும் எள்ளலும் செருக்கும் தோன்றக் காட்டும் காட்சிகளையும் சொற்களையும் அது தடுக்கிறது. பாலீர்ப்பு அவ்வரிசையில் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்வழி வன்முறையையும் தண்டனைக்குரியதாக்கியது, ஆயின் திருநருக்கு மட்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான வெளியில்தான் தன்பாலீர்ப்பாளர் குறித்த கேலி இயங்குகிறது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை தமிழகத்தில் ஒரு திருப்பம். இப்பொருள் குறித்துத் தம் புரிதல் போதாது என்று கருதி அவரே உளவியல் வல்லுநரிடம் கற்றது பலரும் அறிந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் முதலிய சொற்கள் அவ்வாறு அரசேற்புப் பெற்றன. செய்தித்தமிழ் இதனால் அடைந்த பயன் பெரிது. ஆனால் சொற்றொகுதி, தவறான சொல்லுக்கு மாற்றாகச் சரியான சொல்லைத் தருவது. மாற்றுவதற்குத் தவறான சொல்லே இல்லாத தொடரை அது என்செய்யும்?

மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்திரிப்பது குறித்த நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன வேறுபாடு இங்கே கூடுதலாகப் பயன்படும். குறைபாட்டைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் நகைச்சுவை வேறு, குறைபாடுடையவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்றது அத்தீர்ப்பு. சொல்லைப் பாராமல், சிரிப்பு யாரை எங்கே நிறுத்துகிறது என்று பார்க்கும் அளவுகோல் இது. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) இவ்வளவுகோலில் வேறு தட்டில் நிற்கும். சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் நடித்த ஆண் இணையர் அதில் நகைப்புக்கு இடமாகின்றனர். ஆயினும் அவர்களுக்குப் பெயருண்டு, தொழிலுண்டு, ஊடலும் பொறாமையும் உண்டு. பிற இணையர் எதற்காகச் சிரிக்கப்படுகின்றனரோ அதற்காகவே பெரிதும் இவர்களும் சிரிக்கப்படுகின்றனர். குறையற்ற படம் அன்று அது. ஆனால் அங்கே 'அவன்' ஒரு டேனியல், ஒரு ஜாக்.

2018க்கு முன் தணிக்கைச் சான்று பெற்ற படங்களின் நகைச்சுவைத் துண்டுகள் இன்றும் அலைவரிசைகளில் சுழல்கின்றன. அவை எந்தச் சட்டச்சூழலில் உருவாயினவோ அச்சூழல் நீங்கிவிட்டது. துண்டுகளை மறுபார்வைக்கு உட்படுத்தும் ஏற்பாடு 6ஆம் விதியில் இல்லை. அவ்விதியின் குழுவரிசையில் பாலீர்ப்பைச் சேர்ப்பது ஒரு திருத்தத்தில் முடியும் பணி.