காகிதப்பூவும் பால்மரமும்



1988 மே 27ஆம் நாள் மாநகர்த் தகுதி பெற்ற ஈப்போவுக்குக் 'காகிதப்பூ நகரம்' என்ற பெயரும் உண்டு. சாலையோரங்களிலும் வீட்டு வேலிகளிலும் படர்ந்து கிடக்கும் இக்கொடியை மாணவர் பலர் இந்நாட்டுப் பூர்வீகச் செடி என்றே எண்ணுகின்றனர். இதன் தாயகமோ தென் அமெரிக்கா.

1766ஆம் ஆண்டு உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்பயணத்தின் தலைவர் பூகன்வில். அவருடன் சென்ற தாவரவியலாளர் கொமர்சோன் 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ அருகே இக்கொடியைச் சேகரித்தார். 1789இல் வெளியான நூலில் தலைவரின் பெயரே செடிக்கு நிலைத்தது.

கொமர்சோனின் உதவியாளர் ழான் பாரே ஒரு பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறத் தடை இருந்தமையால் ஆண்வேடம் பூண்டு சென்றார். மூட்டைகளைச் சுமந்தார், காடுமேடெல்லாம் அலைந்து செடி சேர்த்தார். கொமர்சோனுக்கு அப்போது காலில் புண் இருந்தமையால், காகிதப்பூவைக் கண்டெடுத்தவரே பாரேதான் என்று கருதுவோரும் உண்டு. உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாகிய அவருக்கு 1785இல் பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் வழங்கியது. ஆயினும், அவர் பெயரில் ஒரு செடியினம் நிலைபெற 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

(ஒரு குறிப்பு: நாம் பூவென்று கருதும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில். நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூ. பள்ளித் தோட்டத்தில் நாள்தோறும் நீரூற்றினால் இலைதான் மண்டும். வேர் சற்றுக் காய வேண்டும்.)

அதே பிரேசிலிலிருந்து வந்த மற்றொன்று நம் பால்மரம். 1876இல் விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளுள் ஒன்பது நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. விக்கமின் பெயரும் அக்காலத்துப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோவின் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. அம்மரத்தை நம்பித் தமிழகத்திலிருந்து கங்காணிகளுடன் வந்தவர்கள் பெயர் எங்கே? விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டிய நம் பாட்டிமார், வெளிக்காட்டு வேலையில் புல் வெட்டிய அத்தைமார் ஆகியோரின் பெயர்கள் கூலிப் பதிவேட்டோடு நின்றுவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் செம்பனைக்கு மாறியபோதும் அப்பதிவேடுகளுள் எத்தனை காக்கப்பட்டிருக்கும்?

பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகளுள் சில பட்டணத்திற்கு இடம் மாறிவிட்டன, சில மூடப்பட்டன. பழைய சேர்க்கைப் பதிவேடு இன்றும் எந்தப் பள்ளி அலமாரியிலாவது இருக்குமானால், அதிலுள்ள பெற்றோர் பெயர்களையும் தோட்டப் பெயரையும் படியெடுத்து வையுங்கள். பெற்றோர்களே, தாத்தா பாட்டி இருக்கும்போதே பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, என்ன வேலை. நான்காம் ஆண்டு மாணவனுக்கு ஒரு பக்கக் கட்டுரைக்கு அது போதும்.