பின்பாட்டுக்கும் ஒரு வரி

மாசி மாதத்தில் ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுகிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், தப்பு முழங்குகிறது. முன்பாட்டுக்காரர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, கூடி நிற்போர் பின்பாட்டாக அதனை ஏந்திக்கொள்கின்றனர். அப்பாட்டு தனியொருவரின் உடைமையன்று. லயத்து மக்கள் அனைவரின் உடைமை.

1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை வரலாறு மறவாமல் குறித்துவைத்திருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் குரலைக் குறித்துவைத்தோர் சிலரே. 1930-களில் கோ. நடேசய்யர் ஹட்டனைக் களமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டாலேயே தொழிலாளரைத் திரட்டினார். மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-ல் வெளிவந்தது. அத்தொண்டுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும், சொல்லை மட்டும் தாங்கும் அச்சுப் பக்கத்தில், எந்த அடியை ஒருவர் பாடினார், எதனைப் பலர் ஏற்றனர், எங்கே குரல்கள் பிரிந்தன என்பது புலப்படாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கீதோ, கோடுகளின்மீது சுரங்களை நிறுத்தும் முறையை வகுத்தார். தமிழர்க்கும் அது அந்நியமன்று. சின்னசாமி முதலியார் 1892-லேயே நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட முனைந்தார். சேர்ந்திசை ஏடுகளில் ஒவ்வொரு குரற்பகுதிக்கும் ஒரு வரி உண்டு. ஒரு பகுதியே இரண்டாகப் பிரியுமானால், மேற்குரலின் தண்டுகளை மேல்நோக்கியும் கீழ்க்குரலின் தண்டுகளைக் கீழ்நோக்கியும் வரைவர். தாளமோ சொல்லோ வேறுபட்டால் தனிவரி கொடுப்பர். மீண்டும் கூடுமிடத்தில் 'எல்லோரும்' எனக் குறிப்பர். அன்று அச்சுக்கூடத்துக்கே உரியதாயிருந்த இவ்வேலையை இன்று கணினி மென்பொருள் ஓர் ஆசிரியரின் மேசையிலேயே செய்துதருகிறது.

ஆனால் மென்பொருள் ஆயத்தமாக நீட்டும் மேனாட்டு நாற்குரல் அச்சில் நம் கூத்தைத் திணித்தல் தகாது. முன்பாட்டுக்கு ஒரு வரி, பின்பாட்டுக்கு ஒரு வரி, தப்புக்கு ஒரு வரி: இவையே நமக்குத் தேவை.

இது வெறும் ஏட்டுவேலையா? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. முன்பாட்டுக்காரர் ஒரு கரையிலும் பின்பாட்டுக்காரர் மறுகரையிலுமாகக் கூட்டுக்குரலே பிளவுண்டது. சட்டம் பிரித்த குரல்களை ஒரே தாளில் மீண்டும் சேர்த்து நிறுத்துவதும் வரலாற்றுப் பணியே.

மலையகத்து ஆசிரியர்களே, மாணவர்களே! முதியோரிடம் செல்லுங்கள். பாட்டை மட்டும் கேளாதீர்கள். யார் பாடினார், யார் ஏற்றார் என்றும் கேளுங்கள். தலைவனின் குரலோடு, பின்னின்று ஏந்திய மக்களின் குரலும் ஏட்டில் ஏறட்டும்.