நங்கூரம்

கூரான கொக்கிகள் இருப்பதால் இதில் ‘கூர்’ இருக்கிறது என்று பிரிக்கத் தோன்றும். பொருந்தாது. பாரசீக ‘லங்கர்’தான் நம் வாயில் நங்கூரம் ஆயிற்று, தொல்காப்பியப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராதே! விவிலியத்தில் எபிரெயர் நிருபம் 6:19 நம்பிக்கையை ஆத்தும நங்கூரமாகக் காட்டுகிறது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு அந்த நம்பிக்கையை ‘எதிர்நோக்கு’ என்று மாற்றியது. நங்கூரத்தை மட்டும் அசைக்கவில்லை. ரோமின் நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் அதைச் செதுக்கியும் வைத்தார்கள்.

திருகோணமலைக் கரையில் அந்த வசனத்துக்கு உரையாசிரியர் தேவையில்லை. நங்கூரத்தைப் போட்ட கடற்றொழிலாளி கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். அடியில் பிடித்தது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கயிற்றைக் கட்டிவிட்டு வெற்றிலைப் பையைத் திறக்கிறார்.