சென்டிலோ: ஒரு நகரம் தன் உணரித் தளத்துக்கு வைத்த பெயர்

ஒலிமானி, குப்பைத்தொட்டி நிரம்பியதைச் சொல்லும் கருவி, பூங்காவின் பாசன அளவி என்று ஒரு மாநகரம் தெருவெங்கும் பதிக்கும் உணரிகள் ஒரே நிறுவனத்திடம் வாங்கப்படுவதில்லை. அதனால் தரவும் நிறுவனத்துக்கு ஒன்றாகச் சிதறி, அவரவர் பூட்டுக்குள் போய்விடுகிறது. இந்தச் சிக்கலுக்காக பார்சலோனா நகராட்சி 2012-இல் ஒரு மென்பொருள் தளத்தைத் தொடங்கியது. எவர் செய்த உணரியானாலும் அதில் ஒரே முறையில் தரவை எழுதும்; தேவைப்படும் துறை அங்கிருந்தே படித்துக்கொள்ளும். எந்தத் தனி மொழியையும் பண்பாட்டையும் சாராத பெயர் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. கத்தலானும் ஸ்பானியமும் அருகருகே வாழும் ஊரில் அந்தத் தேவை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. எஸ்பெராண்டோவிலிருந்து ‘சென்டிலோ’ என்ற சொல்லை எடுத்தார்கள். அதற்கு உணரி என்று பொருள்.

எஸ்பெராண்டோ, இன்றைய போலந்தின் பியாலிஸ்டாக்கில் பிறந்த கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் ஆக்கிய மொழி. 1887-இல் வார்சாவில் அதன் முதல் நூல் வந்தது. பார்சலோனாவுக்கு அது புதிய விருந்தாளி அல்ல. 1909 செப்டம்பரில் உலக எஸ்பெராண்டோ மாநாடு அங்கேதான் கூடியது, ஸாமென்ஹோஃப்பும் வந்திருந்தார். ‘துயர வாரம்’ என்று வரலாறு சொல்லும் கிளர்ச்சியில் அந்த நகரம் பற்றி எரிந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது.

சொல்லைப் பிரித்தால் மூன்று துண்டு. ‘சென்ட்’ என்பது உணர்தல். லத்தீனின் ‘சென்டிரே’ வழி வந்தது. ‘இல்’ என்பது கருவியைக் குறிக்கும் ஒட்டு. ‘ஓ’ பெயர்ச்சொல்லின் முடிவு. கணினி அங்கே ‘கொம்புட்டிலோ’, எழுதுகோல் ‘ஸ்க்ரிபிலோ’. தமிழில் இந்த வேலையை இகர விகுதி செய்கிறது: விசிறுவது விசிறி, மண்ணை வெட்டுவது மண்வெட்டி, உணர்வது உணரி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எஸ்பெராண்டோ கருவியையும் செய்பவரையும் கலக்காது. செய்துகொண்டிருப்பவருக்கு ‘ஆன்ட்’ என்ற தனி ஒட்டு உண்டு. எஸ்பெராண்டோ என்ற பெயரே ‘நம்பிக்கை கொண்டிருப்பவர்’ என்று விரியும். அப்படியே உணரும் மனிதர் ‘சென்டான்டோ’. உணரும் கருவிதான் ‘சென்டிலோ’. தமிழின் இகரமோ இரண்டு பக்கமும் நிற்கும். மண்வெட்டி கருவி; ஆட்கொல்லி கொல்லும் உயிர்.

நம் பேச்சில் இன்னொரு கலப்பும் இருக்கிறது. தானியங்கிக் கதவில் இருப்பதும் சென்சார், திரைப்படத்தை வெட்டுவதும் சென்சார். வேர் வேறு. முன்னது உணர்வதிலிருந்து வந்தது. பின்னது ரோமாபுரியின் ‘கென்சோர்’ என்ற அதிகாரியிடமிருந்து வந்தது. குடிகளையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுத்ததோடு, ஒழுக்கத்தையும் கண்காணித்தவர் அவர். நம் சென்சஸும் அவர் வழிதான். ஒலி ஒற்றுமை தற்செயல் என்றாலும், அது கிளப்பும் அச்சம் நியாயமானது. தெருவின் இரைச்சலை அளக்கும் கருவி தெருவாசிகளைக் கணக்கெடுக்கும் கருவியாக மாற, தரவு யார் கையில் இருக்கிறது என்பது மாறினால் போதும்.

சென்டிலோ இதற்குப் பாதி விடை சொன்னது. அது திறந்த மூலநிரல். டெர்ராசா போன்ற அண்டை நகரங்கள் அதையே எடுத்துத் தங்கள் தளமாக நிறுவிக்கொண்டன. ஒரே நிறுவனத்திடம் எல்லாம் போய்ச் சேரவில்லை. ஆனாலும் கருவிகள் நகராட்சியுடையவை. உணரும் மனிதருக்கு அதில் இடமில்லை.

அந்த மனிதர் பார்சலோனாவின் கிராசியா பகுதியிலுள்ள ‘பிளாசா டெல் சோல்’ சதுக்கத்தில் வந்து சேர்ந்தார். இரவெல்லாம் கூட்டமும் கூச்சலும் தாங்காத குடியிருப்பாளர்கள், பார்சலோனா ஃபேப் லேப் என்ற கருவியாக்கப் பட்டறை உருவாக்கிய சிறு உணரிப் பெட்டிகளைத் தங்கள் பால்கனிகளில் பொருத்தினார்கள். பெட்டியின் பெயர் ‘ஸ்மார்ட் சிட்டிசன்’. ஸ்மார்ட் என்ற அடைமொழியை நகரத்திடமிருந்து எடுத்துக் குடிமகனுக்குச் சூட்டிய பெயர் அது. தூங்கவிடவில்லை என்ற புகார் அதன்பின் டெசிபல் எண்களோடு நகராட்சிக்குப் போனது.

ஆனால் வீட்டில் வைத்த ஒலி உணரி வீட்டையும் கேட்கும். யார் எப்போது வீட்டில் இல்லை என்பதை அந்த எண்களிலிருந்தே ஊகிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் ஆம்ஸ்டர்டாமிலும் பார்சலோனாவிலும் 2017 முதல் 2019 வரை நடந்த ‘டிகோட்’ திட்டம் இந்த இடத்தில்தான் நுழைந்தது. பரவலாக்கப்பட்ட, குடிமக்களுக்கே உரிய தரவுச் சூழல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அந்தப் பெயர். பார்சலோனா சோதனையில், உணரி வைத்த குடியிருப்பாளர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். இரைச்சல், வெப்பம், காற்று மாசு ஆகியவற்றில் எதை யாருக்கு, எவ்வளவு துல்லியமாகக் காட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். தரவு மறைகுறியாக்கப்பட்டே வெளியேறியது; அவர்கள் அனுமதித்தவர்கள் மட்டும் அதைத் திறந்து படித்தார்கள்.