சோழபுரத்துப் பெண் கேட்ட கேள்வி

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாரம்பரிய விழா என்று என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நாவல் எழுதுகிறவனைச் சரித்திரம் பேசச் சொல்வது நம் நாட்டு வழக்கந்தானே! போனேன். வாசலில் வாழைமரம்; உள்ளே உறியடி, கோலப் போட்டி, ஒரு மூலையில் பணியாரக் கடை. பிள்ளைகள் எல்லாரும் பட்டுச் சேலையும் வேட்டியுமாக வந்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பணியாரம் இரண்டு நானும் தின்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் பதினோரு நிலைகளையும், ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகும் வைபவத்தையும் சொன்னேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவையும், 2005-ல் தபால் தலையில் ஏறிவிட்ட ராஜபாளையம் நாயையும்கூட விடவில்லை. நல்ல கைதட்டல். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஐயா, எங்க ஊரு சோழபுரம். இந்தப் பக்கமெல்லாம் பாண்டி நாடுன்னு நீங்கதான் சொன்னீங்க. பாண்டி நாட்டுல சோழன் பேரு எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் நன்றியுரையுடன் ஒலிபெருக்கி முன்னால் வந்துவிட்டார். அடுத்து நடனமாம், நேரமில்லையாம். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கினாற்போல் இருந்தது.

இப்படி வாரம், மாதம் என்று ஒதுக்கிச் சரித்திரத்தைக் கொண்டாடும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் வித்திட்டவர் கார்ட்டர் உட்சன் என்ற நீக்ரோ அறிஞர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் மகன், 1875-ல் பிறந்தவர். வாலிபத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளி ஒருவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டப் போய், அங்கே வந்து கூடியவர்கள் சொன்ன பழங்கதைகளைக் கேட்டுத்தான் அவருக்குச் சரித்திரப் பித்துப் பிடித்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது வயது இருபது! 1912-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கி என்ன? படித்த புத்தகங்களில் தம் ஜனங்கள் சாதித்ததாக ஒரு வரியும் காணோம். சாதனையில்லாத ஜாதி என்று சொல்லிவிட்டால் அதை மிதிப்பது சுலபமல்லவா? 1915-ல் ஒரு சங்கம் கண்டார். அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை. 1926-ல் பிப்ரவரியில் ஒரு வாரம். லிங்கனும், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸும் நினைக்கப்படும் நாட்கள் அந்த வாரத்தில்தான் வருகின்றன.

அந்த வாரத்துக்காக அவர் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியவை என்ன தெரியுமா? பாடக் குறிப்புகள், படங்கள், பிள்ளைகள் நடிக்கச் சின்னச் சின்ன நாடகங்கள். வருஷம் முழுவதும் வகுப்பில் நடக்கவேண்டிய பாடத்துக்கு அந்த ஏழு நாள் வெறும் வாசற்படி, அவ்வளவுதான். வாரம் மாதமானது 1970-ல், ஒஹாயோவில் உள்ள கென்ட் மாநிலப் பல்கலைக் கழகத்தில், கறுப்பு மாணவர்களின் முயற்சியால். அதே வளாகத்தில் அதே வருஷம் மே 4-ந் தேதி, யுத்தத்தை எதிர்த்துக் கூடிய மாணவர் கூட்டத்தின்மேல் காவற்படை சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். அரசாங்கத்தின் அங்கீகாரம் 1976-ல்தான் வந்தது.

நம்மவர்களும் பின்தங்கவில்லை. இலங்கைக் கலவரங்களுக்குத் தப்பிக் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஆக்கினார்கள். 2014-ல் ஒன்டாரியோ மாகாணம் சட்டம் செய்தது; 2016-ல் கனடாப் பாராளுமன்றம் ஏற்றது. ஊரை இழந்தவனுக்கு ஊர்ப்பெயர் எவ்வளவு பெரிது! இங்கே ஊர் காலடியில் கிடக்கிறது. நாம் நன்றியுரைக்கு அவசரப்படுகிறோம்.

பொறியியல் மாணவர்களுக்கு 2022 முதல் 'தமிழர் மரபு' பாடமாகவே வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பரீட்சையில் சோழபுரத்தைப் பற்றிக் கேட்பார்களா, என்ன?

விழா முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே அதே பெண் நின்றிருந்தாள். நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"பாண்டி நாட்டை ராஜராஜன் ஜயித்து 'ராஜராஜ மண்டலம்' என்று பெயரையே மாற்றிவிட்டான், அம்மா. அவன் மகன் ராஜேந்திரன் தன் பிள்ளை ஒருவனுக்குச் 'சோழ பாண்டியன்' என்று பட்டம் கட்டி மதுரையில் உட்கார வைத்தான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சோழப் பெயர்கள் வருவது அதிசயமில்லை. ஆனால் உன் ஊர்ப் பெயர் எந்தச் சோழனுடையது என்பதற்கு நான் சாட்சியில்லை. ஊர்க் கோயில் சுவரைப் போய்ப் பார். கல்வெட்டு அறிக்கைகளைப் புரட்டு. ஊர்ப் பெரியவர்களையும் கேள். அவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதே, ஆனால் எழுதி வைத்துக்கொள்."

பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்புறம் பாண்டியர்க திரும்பி வந்தாங்கள்ல, ஐயா?"

"வந்தார்கள். 1216-ல் பட்டத்துக்கு வந்த சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையுமே கொளுத்தினான்."

"அவ்வளவு கோவக்காரரு எங்க ஊருப் பேரை மட்டும் ஏன் மாத்தாம விட்டாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, இன்னும் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.